கல்லூரி வாசலில் எட்டுக் குளியலறைகள்

எங்கள் கல்லூரிக்கு முதன்முறை வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. படித்துவிட்டு எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்றும் கேட்பதில்லை. கேட்டைத் தாண்டி நாலடி வைத்ததும் இடது பக்கம் வரிசையாக நிற்கிற எட்டுக் கதவுகளைப் பார்த்துவிட்டு, "இதென்ன மேடம், இவ்வளவு பாத்ரூம்?" என்கிறார்கள். நிதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிகாரி வருவார். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஆள், கேள்வி மட்டும் மாறாது. மொழி ஆய்வகத்துக்கென்று கொடுத்த பணத்தில் ஏன் குளியலறை கட்டினீர்கள் என்று கேட்பார். நான் ஒவ்வொரு வருடமும் ஆதியிலிருந்து சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, போகும்போது "இருந்தாலும் ஒரு நாலு கம்ப்யூட்டரும் ஹெட்போனும் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு மண்டை காய்ந்துவிடும்.

நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருந்தவளை எங்கள் பழைய பங்குத்தந்தை கூப்பிட்டு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோயில் வளாகத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி ஆரம்பிக்கிறோம், நீங்கள் முதல்வராக இருந்து கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கொஞ்சம் என்ற அந்த வார்த்தையை நம்பினேன். சேர்ந்த முதல் வாரமே ஊருக்குள் நோட்டீஸ் கொடுக்கப் போனால், கடைக்குக் கடை "ஏனுங்க, எந்தச் சமுதாயத்துக்குங்க?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும்தான் என்றேன். எல்லாருக்குமென்றால் அது எப்படிச் சமுதாயம் ஆகும் என்று ஒரு மளிகைக்கடைக்காரர் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அன்றைய நோட்டீஸ் வேலை முடிந்துவிட்டது.

எங்களிடம் வருகிறவர்கள் வேறெங்கும் போக முடியாதவர்கள். பத்தாவதில் நின்றவர்கள், பன்னிரண்டாவதில் தவறியவர்கள், கல்யாணம் ஆகி ஒரு வருடத்தில் திரும்பி வந்த பெண்கள், ராசிபுரம் பக்கம் தறிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இந்த ஜில்லாவில் இருக்கிற பெரிய உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் காரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளின் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே டவுன் பஸ்ஸில் வருவார்கள். ஒரு வருடப் படிப்பு. தையல், எலக்ட்ரீஷியன், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது, நோயாளி பராமரிப்பு. முடித்தால் ஒரு சான்றிதழ், ஒரு வேலை. இதற்கு மேல் பெரிய கனவெல்லாம் நான் யாருக்கும் காட்டுவதில்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் கோழிப்பண்ணைப் பிள்ளைகள். அப்பா அம்மா முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் வைத்து, முட்டை பொறுக்கி, பண்ணைக்குள்ளேயே ஒரு அறையில் குடியிருப்பார்கள். பிள்ளைகளும் அதற்குள்தான். கல்லூரி திறந்த ஒரே மாதத்தில் பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்த ஆரம்பித்தார்கள். படிப்புக்கு அவர்கள் எதிரி இல்லை. அவர்கள் பயம் வேறு. ஒரு பண்ணையில் இருப்பவர் இன்னொரு பண்ணை வாசலை மிதிக்கக்கூடாது என்பது இந்தப் பக்கம் எழுதாத சட்டம். செருப்பில், துணியில், தலைமுடியில் நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படியிருக்க, ஆறேழு பண்ணைகளின் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்காரவைத்து நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விலங்கியல் படித்த எனக்கு இதை அவர்கள் சொல்லித்தான் உறைத்தது, அது வேறு எரிச்சல்.

ஒவ்வொரு பண்ணை வாசலுக்கும் போய் நின்று பேசினேன். காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள் என்று நினைக்க வேண்டாம். கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கவைத்துப் பேசினார்கள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் வந்ததும் பிள்ளைகள் தலையோடு குளிக்க வேண்டும். பண்ணைத் துணியை அவரவர் பெட்டியில் போட்டு மூடிவிட்டுக் கல்லூரிச் சீருடைக்கு மாற வேண்டும். சீருடை கல்லூரியை விட்டு வெளியே போகக்கூடாது, அங்கேயே துவைத்துக் கொடியில் போட வேண்டும். சாயங்காலம் மறுபடி குளித்துவிட்டுத் தன் துணியைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மொழி ஆய்வகம் குளியலறை ஆன கதை இதுதான். பாட நேரத்தில் பாதி நேரம் ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பை நான் நடத்திக்கொண்டிருந்தேன். மார்கழியில் வகுப்பு முழுக்கத் தும்மல். ஆனாலும் நடந்தது. பண்ணைக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

ஒருத்திக்கு அதை ஒரே நாளில் கெடுத்தது ஓர் அட்டை முட்டை.

ஆண்டு விழா. புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை சிரித்த முகக்காரர், எல்லோருக்கும் நல்லவர், அவரைப் பார்த்தாலே எனக்குப் பயம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்கிற ஒரு பெரியவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டார். பெரியவரும் கையை வீசிக்கொண்டு வரவில்லை. எங்கள் பிள்ளைகள் ஏழைகள், சத்தாகச் சாப்பிடட்டும் என்று ஆளுக்கு ஓர் அட்டை முட்டை, முப்பது முட்டை, பரிசாகக் கொண்டுவந்திருந்தார். இந்த ஊரில் மரியாதை செய்வதென்றால் சால்வைக்கு அடுத்தபடி இதுதான். டெம்போவிலிருந்து அட்டைகளை இறக்கி மேடையில் அடுக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய காகித அட்டைகள். எத்தனை பண்ணைக்குப் போய்த் திரும்பியவையோ. பண்ணைக்காரர்கள் வெளி ஆளைவிட அதிகமாகப் பயப்படுவது வெளி அட்டைக்குத்தான்.

வகுப்பில் முதலாவதாக வந்த பெண்ணை முதலில் கூப்பிட்டார்கள். நோயாளி பராமரிப்புப் படிப்பவள். பத்தொன்பது வயது இருக்கும். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரு பெரிய பண்ணையில் வேலை, அதற்குள்ளேயே வீடு. அவள் மேடை ஏறி, நீட்டிய அட்டையைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கூச்சப்படாத கண்ணு, வாங்கிக்க" என்று பெரியவர் அவள் கையைப் பிடித்து இழுத்து அதில் அட்டையை வைத்தார்.

மேடையின் கடைசி நாற்காலியில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் ஒரு குத்துவிளக்கு, இரண்டு கவுன்சிலர்கள், ஒரு டேபிள் ஃபேன். இவற்றையெல்லாம் தாண்டி நான் போய் மைக்கைப் பிடுங்கி "யாரும் அதைத் தொடாதீங்க" என்று சொல்வதற்குள் போட்டோ எடுத்தாகிவிட்டது. பெரியவர் முகம் சுண்டிவிட்டது. அவருடைய முட்டையில் நான் ஏதோ குறை சொன்னதாக எடுத்துக்கொண்டு, சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பங்குத்தந்தை முதன்முறையாகச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "பரவால்லீங்க மேடம். எப்பவும் போல நல்லாக் குளிச்சுட்டுப் போயர்றேனுங்க."

குளித்தாள். சோப்பு இரண்டு தடவை போட்டுக் குளித்தாள். ஆனால் அவள் துணி மாற்றி, பஸ் பிடித்து, பண்ணை வாசலுக்குப் போவதற்குள் அந்தப் போட்டோ போய்விட்டது. வியாபாரப் பெரியவரின் ஆட்களே அதை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். ஏழை மாணவிக்கு முட்டை வழங்கியபோது என்று ஒரு தலைப்பு வேறு. ஜில்லாவிலிருக்கிற பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரூப்பில்தான் இருக்கிறார்கள். அட்டை கையில் இருக்க, அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் யாரும் அட்டையைத் தொடாததால் அவர்கள் தப்பித்தார்கள்.

நான் கல்லூரியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்து நின்றாள். "உள்ள வேண்டாம்னுட்டாங்க மேடம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் அப்படி நின்றதும் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பூட்டின்மேல் கோபப்பட்டேன். அன்றைக்கு அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் பண்ணை வாசலுக்குப் போனோம். பெரிய கேட். வண்டிச் சக்கரத்தில் மருந்து அடிக்கிற குழாய். கேட்டுக்கு உள்ளே தரையில் குறுக்காகச் சுண்ணாம்புக்கோடு. அதற்கு அந்தப்பக்கம், ஒரு வேப்பமரத்தடியில், முதலாளி மொபெட்டில் வந்து இறங்கினார். எங்களுக்கு நடுவில் ஒரு பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அங்கிருந்து என் போனுக்கு அழைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம்.

"உங்களக் குத்தஞ் சொல்லலீங்க மேடம். நீங்க நல்லதுதான் பண்றீங்க."

"அப்ப அந்தப் பொண்ணை உள்ளே விடுங்க. குளிச்சிருக்கா."

"குளிச்சிருக்கும்ங்க. நாளைக்கு யாரு வந்து என்ன குடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியாதில்லீங்க?" என்றார். "ஒருக்கா எங்க கோழிக்கு வெள்ளக்கழிச்சல் சீக்கு வந்து ஒட்டுக்காச் செத்துப் போச்சுங்க. பொக்லைன் வெச்சுக் குழி எடுத்தனுங்க. நானே நின்னு போட்டு மூடுனேன். அன்னைக்கு எங்கூட்டுல அடுப்புப் பத்த வெக்கல. எங்கம்மா இன்னும் அந்தக் குழிப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டாங்க."

மோசமான மனிதராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சத்தம் போட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் சொன்னது முழுக்க நியாயம், அதுதான் வயிற்றெரிச்சல். முடிவாக ஒன்று சொன்னார். படிப்பை நிறுத்திவிட்டு வந்தால், கேட் ஓரத்து அறையில் சில நாள் இருந்துவிட்டு அவள் உள்ளே வரலாம். இல்லை, படிக்கத்தான் வேண்டுமென்றால் படிப்பு முடிகிறவரை வெளியே இருந்துகொள்ளட்டும். அப்பா அம்மா வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் இனிக் கிடையாது.

அவளுக்கு மிச்சமிருந்தது மூன்று மாதம், ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதை முடித்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இல்லையென்றால் அதுவரை படித்ததெல்லாம் வீண், அவளும் முட்டை பொறுக்கத்தான் போக வேண்டும். மூன்று மாதம் வீட்டை விடுவதா, படிப்பை விடுவதா. இதை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ரோட்டோரத்தில் நின்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அவள் அப்பா கேட்டருகே வந்து, "படிச்ச வரைக்கும் போதுஞ் சாமி. உள்ள வந்துரு. இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்றார். அம்மா உள்ளே போய் ஒரு கட்டைப்பையில் மகளின் துணிகளை அடைத்துக் கொண்டுவந்தாள். சுண்ணாம்புக்கோட்டின்மேல் பையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். வாட்ச்மேன் அதை ஒரு கழியால் தள்ளிக் கேட்டுக்கு வெளியே விட்டார். மகள் எடுத்துக்கொண்டாள். இதை ஏதோ தினமும் செய்கிற வேலை போல மூன்று பேரும் செய்தார்கள்.

"எம் புள்ளைய முடிக்க வெச்சுருவீங்களா மேடம்?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள்.

"முடிக்க வைப்பேன்" என்றேன். வாயைக் கொடுத்தாகிவிட்டது.

எங்களுக்கு விடுதி கிடையாது. கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் மடத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது, அங்கே வைக்கலாம் என்று கேட்டேன். மடத்துத் தலைவி உடனே சரியென்றார். அறையை ஒழித்துப் பெருக்கி, பாயும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மேடம், இங்க வேண்டாங்க" என்றாள். பின்னால் நாட்டுக்கோழி. சேவலும் பெட்டையும் குஞ்சுமாக ஒரு கூட்டமே மேய்ந்துகொண்டிருந்தது. பண்ணைக்காரர்களுக்கு அட்டையைவிடப் பெரிய பயம் கொல்லையில் மேய்கிற நாட்டுக்கோழி. அதோடு பழகியது தெரிந்தால் மூன்று மாதம் கழித்துக்கூட அவளை உள்ளே விடமாட்டார்கள்.

கோழிகளைக் கொஞ்ச காலம் வேறு எங்காவது விடமுடியுமா என்று மடத்துத் தலைவியைக் கேட்டேன்.

"மறைமாவட்ட ஆயர் வந்தால் சமைக்கவென்று வளர்க்கிறோம்" என்றார்.

"ஆயர் எப்போது வருகிறார்?"

"அது தெரியாது. வரும்போது இருக்க வேண்டுமே."

இதற்கு மேல் அங்கே நின்றால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தை ஏதாவது வந்துவிடும் என்று வெளியே வந்தேன். பங்குத்தந்தையிடம் போனேன். அவர் பழையபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார். "எல்லாம் நல்லபடியாக முடியும் மேடம், செபிப்போம்" என்றார். செபிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வருட விழாவுக்குத் தீவன ஆலைக்காரர் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார் என்ற நல்ல செய்தியையும் சொன்னார்.

கடைசியில் என் வாடகை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். நான் தனியாக இருந்து பழகியவள். என் டம்ளர் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் எனக்குத் தெரியும். அதை அவள் இரண்டே நாளில் மாற்றிவிட்டாள். பண்ணையில் கோழிகள் முட்டையிட வேண்டுமென்று விடியுமுன்னே ஷெட்டில் விளக்குப் போட்டுவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்த வெளிச்சத்தில் எழுந்து பழகியவள் இங்கேயும் நாலு மணிக்கு எழுந்து எல்லா விளக்கையும் போட்டாள். "நான் முட்டையிடப் போவதில்லை, அணை" என்று கத்தினேன். மறுநாளும் போட்டாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊதா நிற மருந்துத் தண்ணீரை ஊற்றி வைத்து, அதில் காலை நனைக்காமல் யாரையும் உள்ளே விடவில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவரையும், என்னையும் சேர்த்து. என் பாதம் மூன்று மாதம் ஊதாவாக இருந்தது. சேலத்திலிருந்து வந்த என் தங்கை, உனக்கு ஏதாவது தோல் வியாதியா என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். படுக்கையிலிருக்கிற பெரியவர்களைத் திருப்பிப்போட்டுத் துடைப்பதில் அருவருப்பு இல்லை, வேலைக்குப் பின்வாங்குவதில்லை என்றார்கள். அதைக் கேட்டு அன்றைக்கு மட்டும் அவளைத் திட்டாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் பண்ணை வாசலுக்குக் கூட்டிப்போவேன். அம்மா கோட்டுக்கு அந்தப்பக்கம், மகள் கேட்டுக்கு இந்தப்பக்கம். சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். சத்தம் போட்டு என்ன பேச முடியும்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன். என்ன குழம்பு, புளிக்குழம்பு. அவ்வளவுதான். ரகசியமாக ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. பக்கத்தில் வாட்ச்மேன் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார், சில சமயம் அவரே பதிலும் சொல்வார். உள்ளேயிருந்து வெளியே எது வேண்டுமானாலும் வரலாம். அம்மா வறுத்த நிலக்கடலை கொடுத்தனுப்புவாள், துவையல் கொடுத்தனுப்புவாள். வெளியேயிருந்து உள்ளே ஒன்றும் போகக்கூடாது. ஆஸ்பத்திரியில் முதல் மாதம் கொடுத்த பணத்தில் அவள் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினாள். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. அதைக் கேட்டருகே பிரித்துக் காட்டினாள். அம்மா தூரத்திலிருந்தே பார்த்து, "நல்லாருக்கு சாமி" என்றாள். வாட்ச்மேன் துணி உள்ளே ஆகாது என்றார். மடித்துத் திரும்ப எடுத்து வந்து என் அலமாரியில் வைத்தாள். அன்றைக்கு எனக்கு இந்த ஊர்க் கோழி, ஊர் முட்டை, எல்லாவற்றின்மேலும் வெறுப்பாக இருந்தது. ஒரு வாரம் வீட்டில் முட்டை சமைக்கவில்லை. அது யாருக்கும் ஒரு பாடமும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் முடித்தாள். சான்றிதழ் விழாவுக்கு நானே சிறப்பு விருந்தினரைத் தேர்ந்தெடுத்தேன். நாமக்கல்லில் ஓர் எலும்பு டாக்டர். கூப்பிடும்போதே, வீட்டில் கோழி, புறா, கிளி ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு நாய் இருக்கிறது என்றார். நாய் பரவாயில்லை என்றேன். பரிசு எதுவும் கொண்டுவரக்கூடாது என்றும் சொன்னேன். பங்குத்தந்தைக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது.

பண்ணை முதலாளி அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் அனுப்பச் சம்மதித்தார். யாரையும் தொடாமல், எதையும் வாங்காமல் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் வந்து பந்தலுக்குள் வராமல், கேட்டோரம் புங்கமரத்தடியில் தனியாக நின்றார்கள். நாற்காலி கொடுத்தோம், உட்காரவில்லை. மகள் மேடையேறிச் சான்றிதழ் வாங்கியதை அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

விழா முடிந்ததும் அவள் சான்றிதழோடு அம்மாவை நோக்கி நடந்தாள். அம்மா இரண்டடி பின்னால் போனாள். மகளும் நின்றுவிட்டாள். அங்கே கேட் இல்லை, கோடு இல்லை, வாட்ச்மேன் இல்லை. இருந்தாலும் இரண்டு பேருக்கும் அதே தூரம் பழகிப்போயிருந்தது. அங்கே நின்றபடி அம்மா சத்தமாகக் கேட்டாள். "சாப்டியா சாமி?"

எனக்கு வந்ததே கோபம்.

"என்னம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "இங்க எட்டு பாத்ரூம் கட்டி வெச்சிருக்கேன். வர்றவன் போறவன் எல்லாம் என்னைக் கேள்வி கேக்கறான். எதுக்குக் கட்டினேன்? போய்ப் பிள்ளையத் தொடுங்க. தொட்டுட்டு, தலையோட குளிச்சுட்டுப் போங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். வரிசையாக நின்ற கதவுகளைப் பார்த்தாள். "குளிச்சாப் போதுங்களா மேடம்?"

"போதும். இத்தனை பிள்ளைங்க தினமும் அப்படித்தான் ஊட்டுக்குப் போகுதுங்க." கோபத்தில் எனக்கும் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அம்மா வந்தாள். கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. மகளின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பின்னலை முன்னால் இழுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு, "தலைக்கு எண்ணையே வெக்கறதில்லயா? முடியப் பாரு, தேங்கா நாராட்டம்" என்று திட்டினாள். மூன்று மாதம் என் வீட்டிலிருந்த பெண். திட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது. வாங்கிக்கொண்டேன்.

நான் வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து சேலையை எடுத்து வந்து கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை அம்மா அந்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு மகளோடு பந்தலில் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மெதுவாகப் பேசினார்கள். போகிற நேரம் வந்ததும் குளியலறைக்குள் போனாள். மகள் கதவோரமாக நின்றுகொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. வெகுநேரம் அம்மா வெளியே வரவில்லை. அப்பா வந்து, "ஏனுங்க, பஸ்ஸு போயிருமுங்க" என்றார்.

"போனாப் போகட்டும், இன்னொண்ணு வரும்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன்.

அம்மா பழைய சேலையைக் கட்டிக்கொண்டு ஈரத்தலையோடு வந்தாள். புதுச் சேலையைத் துவைத்து எங்கள் சீருடைக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

அந்தப் பெண் இப்போது நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாள், அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். மூன்று மாதம் முடிந்த பிறகும் பண்ணைக்குள் அவள் போகவில்லை. தினம் நூறு பேர் வந்து போகிற இடத்தில் வேலை செய்கிறவளை எந்தப் பண்ணையும் உள்ளே விடாது. படிக்க வைத்ததற்கு இதுதான் பலன் என்றால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் முடிக்க வைப்பேன் என்று மட்டும்தான் சொன்னேன். வீடு திரும்புவாள் என்று சொல்லவில்லை. அம்மாவும் அதைக் கேட்கவில்லை. அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அம்மாவும் மகளும் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லூரியில் சந்திக்கிறார்கள். குளித்துவிட்டு வருவதால் முதலாளியும் தடுப்பதில்லை. அம்மா பண்ணையிலிருந்து வந்து, இங்கேயே பெட்டியிலிருக்கிற அந்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு, புங்கமரத்தடியில் மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, குளித்துவிட்டுப் போகிறாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து குடும்பங்கள் இப்படி வர ஆரம்பித்திருக்கின்றன. வெளியே வேலைக்குப் போய்விட்ட எங்கள் பழைய பிள்ளைகளும், உள்ளேயே இருக்கிற அவர்களின் அப்பா அம்மாக்களும். போன தடவை வந்த அதிகாரி, விடுமுறை நாளில் கல்லூரியில் இவ்வளவு தண்ணீர் எப்படிச் செலவாகிறது என்று கேட்டார். மொழி ஆய்வகத்தை இந்த வருடமாவது ஆரம்பியுங்கள் என்றும் சொன்னார்.

எனக்கென்று வாரத்தில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். பூசை முடிந்து வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கலாம் என்று இருப்பேன். ஒன்பது மணிக்கெல்லாம் போன் வந்துவிடும். "மேடம், கேட்டுல நிக்கறமுங்க."

வாரேன், வாரேன் என்று திட்டிக்கொண்டேதான் சாவியை எடுக்கிறேன். போனவுடன் முதலில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும்.